பளிங்குக்கு நடுவே நாலு விரல் சாம்பல்

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் பதினோரு புகைப்படங்கள் அனுப்பியிருந்தார். எல்லாம் கோர் பெட்டிகளின் படங்கள். பூமிக்குள் துளையிட்டு எடுத்த கல் உருளைகள் வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, பந்தியில் இலை போட்டதைப்போல் அத்தனை ஒழுங்காகக் கிடந்தன. கீழே ஒரு கேள்வி: "சார், எப்படி இருக்கு?"

படம் நன்றாகத்தான் இருக்கிறது. எரிச்சலே அதனால்தான் வந்தது. நூறு மீட்டர் துளையில் ஒரு விரல் அளவுகூடக் கல் குறையவில்லையா? நடுவில் ஒரு மெத்தென்ற அடுக்கு வரவில்லையா? தண்ணீர் எதையும் அடித்துக்கொண்டு போகவில்லையா? எனக்குப் பதில் எழுதவே கை வரவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: "பெட்டியைத் தள்ளி ஒட்டியது யார்?" அதற்கு ஒரு சிரிக்கும் முகம் பதிலாக வந்தது.

சிரிக்க ஒன்றுமில்லை. இப்படி ஒரு படத்துக்காக நானும் ஒருநாள் பெட்டிகளைத் தள்ளி ஒட்டச் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போனது. கல்லைத் தொலைத்தவர் என்ற பெயரும் அவருக்கு வந்தது. தொலைத்தது நான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது, என்னிடம் உபயோகமாக இருப்பது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

நம் கோர் கொட்டகை காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டைத் தாண்டி இருந்ததை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் கடை. அதற்கு முன்னால் அது பட்டு நூல் கிடங்காக இருந்தது. பெட்டிகள் லாரியில் வரும். அவற்றை இறக்கி, கல்லில் ஒட்டிய சேற்றைக் கழுவி, வரிசைப்படுத்தி வைப்பது எஸ்தரின் வேலை. கல்லைப் பார்த்து, ‘லாக்’ என்கிற பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

எஸ்தருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அதற்கு முன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூல் சிட்டங்களை அலசிக்கொண்டிருந்தார். வெந்நீரிலேயே கிடந்து கை தோல் உரிந்ததால் வைத்தியர் சொல்லி அந்த வேலையை விட்டவர். வந்த முதல் வாரமே அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். கழுவிய தண்ணீரை அவர் பார்க்காமல் கொட்டமாட்டார். பக்கெட்டைச் சாய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, அடியில் தங்கியதை விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் கொட்டுவார். ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

"என்ன பார்க்கறே? கழுவிட்டுக் கொட்ட வேண்டியதுதானே?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"அலசின தண்ணியில கலர் எறங்குனா சாயம் ஏறலன்னு அர்த்தம் சார். பாக்காம கொட்டுனா மாஸ்டர் திட்டுவாரு. கை பழகிடுச்சு."

"இது கல்லும்மா. சாயம் போகாது."

"போவுதே சார்," என்றார். "இன்னா பண்றது."

அப்போது எங்களிடம் வந்திருந்தது தெற்கே ஒரு பளிங்குக் குவாரியின் வேலை. மிகப் பழைய பளிங்கு. ஒரு காலத்தில் கடலடியில் சுண்ணாம்புச் சேறாகப் படிந்து, பிறகு பூமிக்குள் ஆழமாக அமிழ்ந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து பளிங்கானது. குவாரி ஆழமாகிக்கொண்டே போனதால் அதன் கிழக்குச் சுவரை இன்னும் செங்குத்தாக வெட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால், தூரத்திலிருந்து சுவரை நோக்கி ஒரே கோட்டில் ஏழு போர் போட்டு, கோர் எடுத்து அனுப்பினார்கள். சுவர் நிற்குமா, சரியுமா? கேள்வி அவ்வளவுதான். அந்தச் சுவருக்குக் கீழேதான் ஆட்கள் வேலை செய்வார்கள்.

பளிங்கு வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. நடுநடுவே கறுத்த மெல்லிய கோடுகள் வந்தன. இதில்தான் என் முப்பது வருஷப் பழக்கம் குறுக்கே நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்: ஒரு சாணுக்குக் குறைவாக இருப்பதை லாகில் எழுதாதே, படிக்கிறவனுக்குத் தலைவலி. கறுப்பாக, மெல்லியதாக ஏதாவது வந்தால் அவர் "அழுக்கு" என்பார். நானும் அழுக்கு என்றே சொன்னேன். கொஞ்சம் தடிமனாக இருந்தால் "டைக்" என்று எழுதிவிடுவேன். அதாவது, கீழேயிருந்து உருகிய பாறை ஒரு வெடிப்புக்குள் நுழைந்து உறைந்தது. டைக் ஒரு துளையில் வரும், அடுத்த துளையில் வராது. யாரும் அதைப் பற்றி மேலே கேட்கமாட்டார்கள். எவ்வளவு சௌகரியமான வார்த்தை பாருங்கள்.

முதல் போரின் பெட்டிகளைக் கழுவி முடித்த அன்று எஸ்தர் வந்து நின்றார்.

"சார், மூணாவது பெட்டியில கல்லு சேரல."

"சேரலன்னா?"

"ரெண்டு முனையும் பொருந்தல சார். மத்த இடத்துலலாம் திருப்பி வெச்சா பல்லு பல்லா கடிச்சிக்கினு உக்காருது. இங்க மட்டும் வழவழன்னு இருக்குது. பெட்டியில எழுதியிருக்கற ஆழத்தோட வெச்சு அளந்தா நடுவுல நாலு விரல் காணோம்."

நான் போய்ப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்கம் சொன்னேன். கல் உடையும்போது முனை தேயும், துளையிடும்போது கொஞ்சம் பொடியாகும், அதெல்லாம் சகஜம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டாவது போரிலும் அதையே சொன்னார். மூன்றாவதிலும் சொன்னார். ஐந்தாவது போர் வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன் வேலை கழுவறது. என் வேலை பார்க்கறது. ரெண்டையும் நீயே பண்ணிட்டா எனக்கு எதுக்குச் சம்பளம்?"

"அதான் சார் நானும் யோசிக்கறேன்," என்றார். பக்கத்தில் பெட்டி தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுருங்கியது. அவர் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "கோச்சுக்காதீங்க சார். எல்லாப் போர்லயும் விடுது. ஒண்ணைவிட ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கி எறங்கி விடுது. பாவுல ஒரு இழை போச்சுன்னா சேல முழுக்கக் கோடு ஓடும்ல, அது மாதிரி இருக்குது. பாத்தா சொல்லணும்ல?"

இந்தப் பேச்சை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லாத் துளையிலும் வருகிறது. ஒழுங்காக இறங்கிக்கொண்டே வருகிறது. அப்படியென்றால் அது ஒரு விரிப்பு. வெடிப்பில் நுழைந்த டைக் இப்படி வராது. பளிங்கோடு சேர்ந்து படிந்த ஓர் அடுக்குதான் இப்படி வரும். அது குவாரியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. துளையிடும் தண்ணீரிலேயே கரைந்து போகுமளவுக்கு அது மெத்தென்று இருக்கிறது. மேலே இருக்கும் பளிங்கு முழுவதும் அந்த வழுக்கலின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவர் நிற்குமா என்ற கேள்விக்கு முழு பதிலையும், நிலவியல் என்ற வார்த்தையைக்கூடப் படிக்காத ஒருவர், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம்தான்.

ஏழு போரும் முடிந்து படம் எடுக்கும் நாள் வந்தது. பொருந்தாத இடங்களில் எல்லாம் எஸ்தர் இடைவெளி விட்டு, அடையாளத்துக்குச் சிவப்புக் கழிவு நூலைச் சுற்றி வைத்திருந்தார். பெட்டிகள் பல் விழுந்த வாய்போல் இருந்தன. அறிக்கையில் போடவேண்டிய படம் இது. வாடிக்கையாளர் பார்ப்பார்.

"நூலை எடு. எல்லாத்தையும் தள்ளி ஒட்டி வை," என்றேன்.

"இடைவெளி போயிடும் சார்."

"போகட்டும். தள்ளு."

அவர் தள்ளினார். ஒவ்வொரு கல்லாகத் தள்ளி, கடைசியில் மிஞ்சிய காலி இடத்தில் நான் சொன்னபடி ஒரு மரத்துண்டைப் போட்டார். படம் அழகாக வந்தது. லாகில் "கல் முழுமையாகக் கிடைத்தது" என்று எழுதினேன். சுவரை இன்னும் செங்குத்தாக வெட்டலாம் என்று அறிக்கை போனது. அதில் என் கையெழுத்து இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் கைப்பேசி அடித்தது. அன்று கருட சேவை. சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டுத் தெருவிலேயே நகர முடியாத கூட்டம். குவாரியிலிருந்து ஃபோர்மேன் முனுசாமி பேசினார். அவர் நம் பக்கத்துக் கிராமத்துக்காரர், விவசாயக் குடும்பம். எதையும் சுற்றி வளைக்கமாட்டார்.

"சார், கிழக்குச் சுவர்ல ஈரம் தெரியுது. கோடு போட்ட மாதிரி ஒரே கோட்டுல, இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும். விரல வெச்சா மினுக்குமினுக்குன்னு ஒட்டுது. இன்னா சார் இது?"

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நாலு விரல். ஒரே கோடு. மினுக்கு. அப்போது நான் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தெரிந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் அறிக்கை தப்பு என்று ஆகும். "மழைத்தண்ணி வெடிப்புல இறங்கியிருக்கும். நான் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன். அவசரப்பட வேண்டாம்," என்றேன். பெட்டியில் பார்க்க என்ன இருந்தது? எல்லாவற்றையும் நானே ஒட்டி வைத்திருந்தேனே!

"சரி சார்," என்றார் முனுசாமி. கொஞ்சம் நிறுத்தி, "ஆளுங்கள மேல ஏத்திட்டுதான் சார் உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க பாத்துட்டு நிதானமா சொல்லுங்க," என்றார்.

மறுநாள் விடிந்ததும் சுவர் சரிந்தது. அந்த ஒரு கோட்டின்மேல், மேலேயிருந்த பளிங்கு முழுவதும் பலகையைப்போல் வழுக்கி இறங்கிக் குவாரியின் பாதியை மூடியது. கீழே நின்றிருந்த ஒரு பெரிய இயந்திரம் புதைந்தது. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காரணம் முனுசாமி. என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

குவாரிக்காரர்கள் விடுவார்களா? விசாரணை வந்தது. நம் மேலாளர், குவாரியின் பிரதிநிதி, வெளியிலிருந்து ஒரு நிபுணர், மூன்று பேரும் கொட்டகையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சரிந்த சுவரில் அந்த மெத்தென்ற அடுக்கு எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. ஏழு துளையும் அதைக் குத்திக்கொண்டுதான் போயிருக்கின்றன. அப்படியானால் கோரில் அது ஏன் இல்லை? துளையிட்டவர்கள் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்: நாங்கள் முழுசாகத்தான் அனுப்பினோம். அப்படியென்றால் தொலைந்தது கொட்டகையில். கொட்டகையில் கல்லைத் தண்ணீரில் போட்டவர் யார்?

எஸ்தரின் அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே ஏழு ஊறுகாய் பாட்டில்கள் இருந்தன. பொருந்தாத முனைகளைக் கழுவியபோது பக்கெட்டின் அடியில் தங்கிய கறுப்பு மண்ணை அவர் கொட்டாமல் காயவைத்து, போருக்கு ஒரு பாட்டிலாக வைத்திருந்தார். லேபிள்கூட ஒட்டியிருந்தார். மேலாளர் ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"இதோ பாருங்க. கல்லைக் கரைச்சுப் பாட்டில்ல போட்டு வெச்சிருக்காங்க. ஏம்மா, இன்னாம்மா இது? ஊறுகாயா?"

அந்தப் பாட்டில்களில் இருந்தது பாட்டிலுக்கு இரண்டு ஸ்பூன் மண். நாலு விரல் தடிமனுள்ள அடுக்கை இவர் கழுவிக் கரைத்திருந்தால் ஒவ்வொரு பாட்டிலிலும் பாதிக்குமேல் மண் இருந்திருக்கும். முனையில் ஒட்டியிருந்த பூச்சு மட்டும்தான் இவர் கையில் கரைந்தது. மீதி பூமிக்குள்ளேயே, துளையிடும்போதே போய்விட்டது. பள்ளிக்கூடக் கணக்கு இது. அந்த அறையில் அந்தக் கணக்கு உடனே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"பெட்டி வந்தப்போ நான் சார்கிட்ட சொன்னேன்," என்றார் எஸ்தர். "ஒவ்வொரு போருக்கும் சொன்னேன். நாலு விரல் காணோம்னு. சார்தான் தள்ளி ஒட்டச் சொன்னாரு. சார், சொல்லுங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

"அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை," என்றேன்.

எஸ்தர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கழுவுகிற பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார். அன்றோடு அவரை நிறுத்திவிட்டார்கள். கோப்பில் ஒரு வரி ஏறியது: பணியாளரின் கவனக்குறைவால் கழுவும்போது கோர் இழப்பு. ஏழு மாதம் கழித்து எனக்குச் சால்வை போட்டு வழியனுப்பினார்கள். அந்த மேடையில் என்னைப் பற்றிப் பேசியவர், சாரின் கண்ணுக்கு ஒரு நூல்கூடத் தப்பாது என்றார். எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. ஓடவில்லை. சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

கொட்டகையைக் காலி செய்தபோது பெட்டிகளையெல்லாம் பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். அந்த ஏழு பாட்டில்களை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூக்கிப்போடக் கை வரவில்லை. யாரிடமும் காட்டவும் தைரியம் வரவில்லை. பரணில் வைத்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். எஸ்தரின் வீட்டுக்கும் எனக்கும் இருபது நிமிட சைக்கிள் தூரம்.

பிறகு பழைய அறிக்கையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு ஆராய்ச்சியாளர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அந்தக் குவாரியின் பளிங்கு எவ்வளவு பழையது என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். குவாரி மூடப்பட்டுத் தண்ணீர் நிரம்பிவிட்டது. சரிவின் பழைய படங்களைப் பார்த்ததும் அவர்களுக்கு அந்தக் கறுப்பு அடுக்கின்மேல் சந்தேகம். "அது எரிமலைச் சாம்பல் சார்," என்றார் அவர்களில் ஒருவர். எங்கோ ஒரு எரிமலை வெடித்து, சாம்பல் காற்றில் வந்து, அந்தப் பழைய கடலின் சுண்ணாம்புச் சேற்றின்மேல் ஒரே சீராக விழுந்திருக்கிறது. அதன்மேல் மறுபடியும் சேறு. எல்லாம் சேர்ந்து பூமிக்குள் வெந்தபோது சேறு பளிங்காகிவிட்டது. சாம்பல் மினுங்கும் கறுப்பு அடுக்காகிவிட்டது. சாம்பலோடு வந்த மணலைவிடச் சின்ன மணிகள் சில அந்தச் சூட்டிலும் அழியாமல் இருக்கும். அவற்றை வைத்து எரிமலை வெடித்த காலத்தைச் சொல்லலாம். அதுதான் பளிங்கின் வயது.

"அந்த அடுக்குல ஒரு கைப்பிடி கிடைச்சாக்கூடப் போதும் சார். எங்கேயும் இல்லை."

பரணிலிருந்து பாட்டில்களை இறக்கினேன். அவர்கள் அதைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சேகரித்தது நீங்களா சார் என்று கேட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லை என்று சொன்னேன். அந்த அளவுக்காவது வாய் திறந்தது. லேபிளைப் படிக்கப் பார்த்தார்கள். பேனா மை ஈரத்தில் ஊறி, பாதி எழுத்துகள் அழிந்திருந்தன. எந்தப் பாட்டில் எந்தப் போரிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

மறுநாள் பிற்பகல் பாட்டில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். எஸ்தர் பழைய சாயப்பட்டறைக்கே திரும்பியிருந்தார். உள்ளே ஆவியும் சோப்பு வாசனையும். மூங்கில் கழிகளில் அரக்கு நிறப் பட்டு சொட்டிக்கொண்டிருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எஸ்தரும்மா! கல்லு சார் வந்துக்கிறாரு. ஞாபகம் வந்துடுச்சி போல!"

அந்த ஒரு வார்த்தையிலிருந்து பட்டறைக்கே எல்லாம் தெரியும் என்று புரிந்தது. எஸ்தர் கையை உதறிக்கொண்டு வந்தார். மணிக்கட்டு வரை தோல் சிவந்து, மறுபடியும் உரிந்திருந்தது. என்னை ஒரு கவிழ்த்த தொட்டியின்மேல் உட்காரச் சொன்னார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். சாம்பல், கடல், எரிமலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாம்பலா இது? அதான் தேச்சா சாயம் போச்சு," என்றார். முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. பிறகு பாட்டிலைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

"எது எந்தப் போருன்னு எனக்குத் தெரியும் சார். மண்ணைப் பாத்தே சொல்லுவேன். ஆனா அது அப்புறம். நீங்க மொதல்ல ஒண்ணு எழுதிக் குடுங்க."

ஒரகடம் பக்கம் கல்லும் கான்கிரீட்டும் சோதிக்கிற ஒரு சோதனைக்கூடத்தில் மாதிரிகளைக் கழுவி வரிசைப்படுத்துகிற வேலைக்கு அவர் மனு போட்டிருந்தார். அங்கே வெந்நீர் கிடையாது. நேர்காணல் நன்றாகப் போயிருக்கிறது. ஆனால் அவர்கள் நம் அலுவலகத்துக்குப் போன் செய்து விசாரித்திருக்கிறார்கள். கோப்பைப் பார்த்து யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். கல்லைத் தொலைத்தவர் என்று. வெள்ளிக்கிழமைக்குள் எஸ்தர் தொலைக்கவில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னார்களாம்.

"நான் போய் யார்கிட்ட கேக்கறது? உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன் சார், ரெண்டு தடவ. கூப்பிட மனசு வரல. இப்ப நீங்களா வந்துட்டீங்க."

மாஸ்டரிடம் ஒரு தாள் வாங்கி, முழங்காலில் வைத்து எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. திருமதி எஸ்தர் கடமை உணர்வு மிக்கவர், நேர்மையானவர், அவருடைய பணிக்காலத்தில் எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால் சில இடைவெளிகள் கவனத்துக்கு வராமல் போயின, அதற்கு அவர் பொறுப்பல்ல. நன்றாக எழுதியதாகத்தான் நினைத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அறிக்கை எழுதிய கை.

எஸ்தர் மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். பட்டறையில் அலசுகிற சத்தம் நின்றது.

"கவனத்துக்கு வரலன்னு போட்டிருக்கீங்க," என்றார். "வந்துதே சார். நான்தானே வந்து வந்து சொன்னேன்?"

"அது… பொதுவா எழுதறது…"

"தொழில்நுட்பக் காரணம்னா இன்னா சார்? நீங்க தள்ளச் சொன்னது தொழில்நுட்பமா?"

மாஸ்டர் கல்லாவிலிருந்து, "விடாதம்மா," என்றார்.

பயமாக இருந்தது என்று சொன்னேன். விசாரணையன்று பயமாக இருந்தது, ஓய்வூதியம், பெயர், எல்லாம் போய்விடும் என்று பயந்தேன், அதனால்தான் ஞாபகம் இல்லை என்றேன். "நீ சொன்னது ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருந்தது," என்றேன். இதை அந்தப் பட்டறையில் எல்லோரும் கேட்க வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்கும் பயமாத்தான் சார் இருந்துது," என்றார் எஸ்தர். "அஞ்சாவது போருக்கு வந்து சொன்னப்ப, கத்துவீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

இன்னொரு தாள் வாங்கி எழுதினேன்: பொருந்தாத இடங்களை ஏழு போரிலும் எஸ்தர் என்னிடம் சொன்னார். நான்தான் அவற்றைத் தள்ளி ஒட்டச் சொன்னேன். அவர் கல்லைத் தொலைக்கவில்லை; விசாரணையில் நான் பொய் சொன்னேன். கீழே பெயர், கையெழுத்து, கைப்பேசி எண். இதே வாசகத்தை அன்றே நம் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. நான் மறுபடியும் அனுப்பினேன், இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யார் மேசைக்காவது அது வந்தால் தயவுசெய்து மேலே ஒரு ஃபைலை வைத்து மூடிவிடாதீர்கள்.

இரண்டாவது தாளை எஸ்தர் நின்றபடியே படித்தார். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்து முடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வரி சார் இது," என்றார். "ரெண்டு வரி எழுதவா ரெண்டு வருசம்?"

தாளை ஈரம் படாமல் மடித்து மாஸ்டரிடம் கொடுத்து, கல்லாப்பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். புடவைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு வரிசையில் வைத்தார்.

"இது மொத போரு. மூணாவது பெட்டி. நாலு விரல்," என்றார். நான் தலையாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதுங்க சார்," என்றார். "சும்மா தலையாட்டாதீங்க. எழுதுங்க."